குழாய் வேறு, மூச்சுக்குழாய் வேறு

தேநீர் குடிக்கும்போது ஒரு சொட்டு வழிமாறிப் போய்ப் புரையேறினால் என்ன பாடுபடுகிறோம்! கண்ணில் நீர் முட்ட இருமி, அதை வெளியே தள்ளும்வரை உடம்பு அடங்குவதில்லை. அவ்வளவு கண்டிப்பான இடம் மூச்சுக்குழாய். குரல்வளைக்குக் கீழே விரலை வைத்து மெல்லத் தடவிப் பாருங்கள், வளையம் வளையமாகத் தட்டுப்படும். 16 முதல் 20 குருத்தெலும்பு வளையங்கள். முழு வட்டமாக இராமல் பின்பக்கம் திறந்திருக்கும். அங்கே மெல்லிய தசை. மொத்த நீளம் 10, 12 செ.மீ.தான்.

புற்றுநோயாலோ காயத்தாலோ இதில் பாதிக்கு மேல் போய்விட்டால், மிச்சத்தை இழுத்து வைத்துத் தைப்பது அநேகமாக முடியாத காரியம். அப்படியானால் ஒரு குழாய் செய்து, நோயாளியின் ஸ்டெம் செல்களையே அதில் விதைத்து உள்ளே வைத்துவிட்டால் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2011 ஜூனில் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையில் பாவ்லோ மாக்கியரீனி என்ற அறுவை மருத்துவர் அதைத்தான் செய்தார். லண்டனில் செய்த பிளாஸ்டிக் குழாய். நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்கள். இரண்டையும் ஒன்றரை நாள் கருவியில் சுழலவிட்டு, பிறகு மார்புக்குள் பொருத்தினார்கள். மீளுருவாக்க மருத்துவம் வந்துவிட்டதென்று உலகமே கொண்டாடியது.

எங்கே பிசகியது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மூச்சுக்குழாயின் உள்சுவர் முழுக்க ஓயாமல் வேலை நடக்கிறது. சில செல்கள் சளியைச் சுரக்கின்றன. பக்கத்துச் செல்களின் தலையில் இருக்கும் நுண்ணிழைகள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்து, தூசியும் கிருமியும் ஒட்டிய அந்தச் சளியைத் தொண்டைக்கு ஏற்றிவிடுகின்றன. இவற்றுக்கெல்லாம் அடியில், சுவரை ஒட்டி, குட்டையாகச் சில செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அடித்தளச் செல்கள் என்று பெயர். புகையாலோ காய்ச்சலாலோ மேலே உள்ளவை உதிர்ந்தால், பெருகி இடத்தை நிரப்புபவை இவைதான். மூச்சுக்குழாயின் சொந்த ஸ்டெம் செல் இதுவே என்று 2009-இல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் பிரிஜிட் ஹோகன் குழு காட்டியது. எலும்பு மஜ்ஜைச் செல்லின் பிழைப்பு வேறு. பிளாஸ்டிக்கில் ஒட்டவைத்தால் அது நுண்ணிழையோடு முளைத்துவிடும் என்பதற்கு ஆதாரமே இருக்கவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ரத்தம். சிறுநீரகத்துக்குப் போவதுபோல் மூச்சுக்குழாய்க்குத் தனியாக ஒரு தமனி கிடையாது. அக்கம்பக்கத்திலிருந்து நூல் நூலாக வரும் நாளங்களே அதற்குச் சோறு போடுகின்றன. பிளாஸ்டிக் குழாயில் அவையும் இல்லை. தண்ணீர் பாயாத வயலில் நாற்று நட்டதுபோல் ஆயிற்று. அந்த முதல் நோயாளி 2014 ஜனவரியில் இறந்தார். கரோலின்ஸ்காவில் அந்தக் குழாய் வைக்கப்பட்ட மூவரும் இன்று இல்லை. விலங்குகளில் முறையாகச் சோதிக்காமலே மனிதருக்கு வைத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

மாக்கியரீனியுடன் வேலை செய்த நான்கு மருத்துவர்கள் கோப்புகளைப் புரட்டி, வெளியான கட்டுரைகளும் நோயாளிகளின் நிலையும் ஒத்துப்போகவில்லை என்று முறையிட்டார்கள். விசாரித்த பெங்ட் யெர்டின் 2015-இல் முறைகேடுதான் என்று எழுதிக்கொடுத்தும், கரோலின்ஸ்கா கல்வி நிறுவனம் முதலில் மாக்கியரீனி பக்கமே நின்றது. 2016-இல் ஸ்வீடன் தொலைக்காட்சியில் ஆவணப்படம் வந்த பிறகுதான் அவர் வேலை போனது. 2018-இல் லான்செட் இதழ், அந்த முதல் அறுவையைப் பற்றித் தான் வெளியிட்ட கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறை விதித்தது.

ஸ்டெம் செல் விதைத்த பிளாஸ்டிக் குழாய் வேலை செய்யாது என்று ஆரம்பத்திலிருந்தே சொன்னவர்களில் ஒருவர் பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர் பியர் டெலார். அவர் வழி வேறு. தானமாகக் கிடைத்த மூச்சுக்குழாயை நேரே கழுத்தில் வைக்கவில்லை. முதலில் நோயாளியின் முன்கையில், தோலுக்கடியில் பொதித்து வைத்தார். மாதக்கணக்கில் காத்திருந்து, சுற்றிலும் ரத்த நாளங்கள் பிடித்துக்கொண்ட பிறகு, அந்த நாளங்களோடு சேர்த்துக் கழுத்துக்கு மாற்றினார். 2010-இல் அதை வெளியிட்டார். பரபரப்பே இல்லாத அந்தப் பொறுமையில்தான் எனக்கு நம்பிக்கை. 2021 ஜனவரியில் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் எரிக் கென்டன் குழு, 18 மணி நேர அறுவையில், தானமாக வந்த மூச்சுக்குழாயை அதன் ரத்த நாளங்களோடு பொருத்தியது. இரண்டிலும் ஸ்டெம் செல் விதைக்கவில்லை.

அதற்காக ஸ்டெம் செல் வீண் என்று அர்த்தமில்லை. நோயாளியின் அடித்தளச் செல்லையே எடுத்து, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்குக் காரணமான மரபணுப் பிழையைத் திருத்தும் வேலை ஆய்வகங்களில் நடக்கிறது. சரியான செல்லைப் பிடித்துவிட்டார்கள். திருத்திய செல்லை உள்சுவரில் நிலையாகக் குடியேற்றுவதுதான் பாக்கி. கடினமான பாதியும் அதுதான்.