ஆசிலாஸ்கோப் வாங்கும் முன்: எதைப் பார்க்கணும்?

"பத்தாயிரத்துக்குள்ள நல்ல ஆசிலாஸ்கோப் எது?" என்று கேட்கும் நண்பர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதைப் பார்க்கப் போறீங்க? இதற்குப் பதில் இருந்தால் சில சமயம் இரண்டாயிரம் ரூபாய் கருவியே போதும். பதில் இல்லையென்றால் ஐம்பதாயிரம் ரூபாய் கருவியும் மேசையில் தூசிதான் வாங்கும்.

மல்டிமீட்டர் ஒரு எண்ணைத் தருகிறது. ஆசிலாஸ்கோப் அந்த எண் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று வரைந்து காட்டுகிறது. இந்த வித்தியாசம் எங்கே உயிர் பெறுகிறது என்பதற்கு எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து உதாரணம் ஒன்று.

பம்புசெட் ஸ்டார்ட்டர் கதை

மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் திறக்காவிட்டாலும், போர் தண்ணீரை நம்பி குறுவைக்கு நாற்றங்கால் விடுகிறவர்கள் டெல்டாவில் நிறைய பேர். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் மோட்டார் ஓடும். அது நடுராத்திரியாகவும் இருக்கும். அதனால் போனில் கூப்பிட்டால் மோட்டாரைப் போடும் 'மொபைல் ஸ்டார்ட்டர்' இங்கே சாதாரணமாகிவிட்டது. வேலை செய்யாத ராத்திரிகளில் டார்ச்சோடு வரப்பில் நடக்கணும். பாம்பு பயம் ஒரு பக்கம், நாற்று காயும் பயம் ஒரு பக்கம்.

பாபநாசம் பக்கம் ஒரு உறவினரின் ஸ்டார்ட்டருக்கு விசித்திரமான நோய். டவுனில் கடைக்காரர் மேசையில் நன்றாக வேலை செய்யும். மோட்டார் கொட்டகையில் மாட்டினால், போன் மணி அடித்ததுமே ரீசெட் ஆகிவிடும். மல்டிமீட்டரில் மாட்யூலுக்குப் போகும் மின்னழுத்தம் 3.9 வோல்ட். உள்ளே இருந்த 2ஜி மாட்யூலுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரை போதும். மீட்டர்படி எல்லாம் சரி.

ஆனால் 2ஜி போன் தொடர்ச்சியாகப் பேசுவதில்லை. 4.615 மில்லி செகண்டுக்கு ஒரு முறை, 577 மைக்ரோ செகண்ட் மட்டும் அலைபரப்பும். எட்டில் ஒரு பங்கு நேரம். அந்தத் துளி நேரத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். டவர் பக்கத்தில் இருந்தால் டவரே "மெதுவாகப் பேசு" என்று சொல்லிவிடும், இழுப்பு குறையும். வயலில் டவர் தூரம், அதனால் முழுச் சத்தத்தில் கத்துகிறது. கடையில் வேலை செய்து கொட்டகையில் படுத்ததன் காரணம் இதுதான்.

மெயின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, போர்டைத் தனியே கழற்றி 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு, கொட்டகையிலேயே ஆசிலாஸ்கோப்பில் பார்த்தேன். 4.0 வோல்ட் கோடு 4.6 மில்லி செகண்டுக்கு ஒரு முறை 3.2-க்குக் குழி விழுந்து எழுந்தது. 0.8 வோல்ட் பள்ளம், எட்டில் ஒரு பங்கு நேரம், சராசரியில் 0.1 வோல்ட்தான் குறையும். அதுதான் மீட்டரில் 3.9. மீட்டர் பொய் சொல்லவில்லை, சராசரியைச் சொன்னது.

0.8 வோல்ட்டை 2 ஆம்பியரால் வகுத்தால் 0.4 ஓம். மெல்லிய ஜம்பர் ஒயரும் தளர்ந்த கனெக்டரும் சேர்ந்தாலே அவ்வளவு வந்துவிடும். தடித்த, குட்டையான ஒயரை நேரடியாகச் சால்டர் செய்து, மாட்யூலின் காலடியிலேயே 2200 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வைத்ததும் பள்ளம் 3.8-க்குக் கீழே போகவில்லை.

இதைக் காட்டிக்கொடுத்தது டி.எஸ்.ஓ. 138 என்ற மலிவான கிட். அலைவரிசை அகலம் வெறும் 200 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 10 லட்சம் சாம்பிள். ஆனால் 577 மைக்ரோ செகண்ட் பள்ளத்துக்கு அது தாராளம்.

எண்களை எப்படிப் படிப்பது

100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் என்றால் 100 மெகாஹெர்ட்ஸ் அலை அப்படியே தெரியும் என்று அர்த்தம் இல்லை. அந்த இடத்தில் உயரம் சுமார் 70 சதவீதமாகக் குறைந்துவிடும். சதுர அலை சதுரமாகத் தெரிய, அதன் அதிர்வெண்ணைப்போல ஐந்து மடங்காவது வேண்டும். ஆர்டுயினோவின் 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கைப் பார்க்கணும்னா 80-க்கு மேல். 9600 பாட் சீரியல் லைன் என்றால் ஒரு பிட் 104 மைக்ரோ செகண்ட். அந்தக் குட்டி கிட்டே போதும்.

இன்னொரு கணக்கு: 0.35-ஐ அலைவரிசை அகலத்தால் வகுத்தால் ஸ்கோப் காட்டக்கூடிய வேகமான ஏற்றம் கிடைக்கும். 200 கிலோஹெர்ட்ஸுக்கு 1.75 மைக்ரோ செகண்ட். அதைவிட வேகமானது எல்லாம் மழுங்கித்தான் தெரியும்.

பெட்டியில் பெரிதாக அச்சடித்த சாம்பிள் வேகத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இரண்டு சானலும் ஓடும்போது அது பாதியாவது வழக்கம். அனலாக் முன்பகுதி சரியில்லை என்றால் சாம்பிள் எத்தனை எடுத்தும் பயன் இல்லை.

என்ன வாங்கலாம்

கற்றுக்கொள்ள, ஆடியோ, பவர் சப்ளை, மெதுவான சென்சார்: டி.எஸ்.ஓ. 138 போதும். டெல்லியிலுள்ள இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சலரேட்டர் சென்டர் வடிவமைத்த எக்ஸ்பைஸ்-17 இன்னொரு நல்ல வழி. திறந்த வன்பொருள், யு.எஸ்.பி.யில் கணினியோடு இணையும், ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும், கூடவே சிக்னல் ஜெனரேட்டரும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தால் பழைய 20 மெகாஹெர்ட்ஸ் சி.ஆர்.ஓ. கிடைக்கலாம். திரும்பத் திரும்ப வரும் அலைகளுக்கு அருமை. ஒரே முறை வந்து மறையும் சிக்னலை அதில் பிடித்து வைக்க முடியாது. பழுதானால் மூடியைத் திறக்கும் முன் யோசியுங்கள், உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும்.

மைக்ரோகன்ட்ரோலரோடு தினமும் மல்லுக்கட்டுபவருக்கு மேசை மேல் வைக்கும் டிஜிட்டல் ஸ்கோப் தேவை. ரிகோல் டி.எஸ். 1054 இசட் இந்த வகையில் பெயர்பெற்றது. 50 மெகாஹெர்ட்ஸ் என்று விற்றாலும் உள்ளே இருப்பது 100 மெகாஹெர்ட்ஸ் மாடலின் அதே வன்பொருள். ஒரு சாவி எண் மூலம் திறக்க முடியும் என்று பொழுதுபோக்காளர்கள் கண்டுபிடித்தார்கள். சாப்ட்வேர்காரனான எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை, எங்கள் தொழிலிலும் ஒரே பொருளை மூன்று விலையில் விற்பது உண்டு. ஆனால் 50-ஏ உங்களுக்குப் போதுமா என்று முதலில் பாருங்கள், வாரண்டியையும் மனதில் வையுங்கள்.

செய்யக்கூடிய சின்ன மாற்றங்கள்

டி.எஸ்.ஓ. 138-ஐ மலிவான அடாப்டரில் போட்டால் கோடு புழுவாக நெளியும். 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், நெளிவு நின்றால் குற்றவாளி அடாப்டர்தான். போர்டிலேயே 1 கிலோஹெர்ட்ஸ் சோதனை அலை இருக்கிறது. அதை வைத்து இரண்டு டிரிம்மர் கெப்பாசிட்டரையும் திருப்பி, மூலை கூர்மையாகும்வரை சரிசெய்யணும். இதைச் செய்யாமலே "கருவி மோசம்" என்று மூலையில் போட்டவர்கள் அதிகம்.

பெரிய ஸ்கோப்பிலும் இதே வேலை புரோபில் உண்டு. சதுர அலையின் மூலை உருண்டாலோ முளைத்தாலோ புரோபின் திருகைத் திருப்புங்கள். புரோபை எப்போதும் 10எக்ஸில் வையுங்கள், 1எக்ஸில் 100 மெகாஹெர்ட்ஸ் புரோபும் பத்துக்குள் சுருங்கிவிடும்.

திரை பொய் சொல்லும்போது

சினிமாவில் வண்டிச்சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோல, சாம்பிள் போதாவிட்டால் வேகமான அலை மெதுவானதாக வேஷம் போடும். நேர அளவை ஒரு படி மாற்றுங்கள். அளந்த அதிர்வெண்ணும் மாறினால் அது வேஷம்.

சிக்னலின் ஓரத்தில் மணி அடித்ததுபோல அதிர்வு தெரிந்தால், சர்க்யூட்டைத் திட்டும் முன் புரோபின் நீள கிரவுண்ட் ஒயரைக் கழற்றி, குட்டி ஸ்பிரிங் மாட்டிப் பாருங்கள்.

அலை நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் டிரிக்கர் அளவு அலையின் உயரத்துக்கு வெளியே இருக்கிறது. அந்த ஸ்டார்ட்டரில் கீழிறங்கும் விளிம்பு, 3.6 வோல்ட் என்று வைத்ததும்தான் பள்ளங்கள் வரிசையாக நின்றன.

இதை மட்டும் மறக்காதீங்க

மேசை ஸ்கோப்பில் புரோபின் கிரவுண்ட் கிளிப், மூன்று முள் பிளக் வழியாக நேராக எர்த்துக்குப் போகிறது. அதை பேஸில் மாட்டினால் அது ஷார்ட் சர்க்யூட். தப்பிக்க எர்த் முள்ளை வெட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு. வெட்டினால் ஸ்கோப்பின் உலோக பாகங்கள் 230 வோல்ட்டில் நிற்கும், நீங்கள் தொடும்வரை காத்திருக்கும். பேட்டரி கிட்டிலும் இதே ஆபத்துதான். அதன் உள்ளீடு தாங்குவதே 50 வோல்ட், 230 வோல்ட்டின் உச்சம் 325. மும்முனையில் இரண்டு பேஸுக்கு இடையே 415 என்றால் உச்சம் 587. சாதாரண புரோபில் பல 300 வோல்ட்டுக்கு எழுதியவை.

மோட்டார் பக்கம் பார்த்தே ஆகணும்னா அதற்குரிய டிஃபரன்ஷியல் புரோப், அல்லது 600 வோல்ட், கேட் 3 என்று போட்ட தனிமைப்படுத்திய கைக்கருவி. இரண்டும் இல்லையென்றால் அங்கே போகாதீர்கள். ஈரத்தரை, சரியில்லாத எர்த், இருட்டு மூன்றும் சேர்ந்த கொட்டகை பரிசோதனைக் கூடம் அல்ல. போர்டைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் மேசையிலேயே கிடைக்கும்.

ஆகவே, ஒரு தாளில் பார்க்க வேண்டிய சிக்னலை எழுதுங்கள். எவ்வளவு வேகம், எத்தனை வோல்ட், திரும்பத் திரும்ப வருமா, ஒரு முறைதானா? நாலு வரிதான். அந்தத் தாளோடு கடைக்குப் போனால், விற்பவர் சொல்வதில் எது உங்களுக்குத் தேவை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.