கைக்கும் பாடம் உண்டு

கண்ணமங்கலத்தில் வேலூர் பஸ் ஏறினால் கணியம்பாடி, அடுக்கம்பாறை தாண்டிப் பாகாயம் வரும். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் புரிந்துவிடும். மரத்திலிருந்து விழுந்து முதுகு ஒடிந்தவர், கரும்பு மெஷினில் கை கொடுத்தவர், சர்க்கரை வியாதியில் காலை எடுத்தவர், வாதம் அடித்தவர் என்று எல்லோரும் போகிற இடம் அது. ஜவ்வாது மலையிலிருந்துகூட இறங்கி வருவார்கள். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு நிலையம் அங்கேதான் இருக்கிறது.

அதைத் தொடங்கியவர் ஒரு பெண் டாக்டர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கொச்சியில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு வாகன விபத்தில் சிக்கினார். அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க் வரை போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் பாகாயத்தில் நிலையம் திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-ல் காலமானார்.

அந்த சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து இப்போது கைக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு சின்ன ரோபோவைச் செய்திருக்கிறார்கள். பெயர் புளூட்டோ. ரோபோ என்றதும் சினிமாவில் வருவதுபோல் மனித உருவம் ஒன்றை நினைத்துவிடாதீர்கள். மேஜைமேல் வைக்கிற ஒரு பெட்டி, அதில் ஒரே ஒரு மோட்டார், மாற்றி மாற்றிப் பொருத்த விதவிதமான கைப்பிடிகள். மிக்ஸிக்கு ஜாரை மாற்றுவதுபோலத்தான். ஒரு பிடி மணிக்கட்டை மேலும் கீழும் ஆட்ட, இன்னொன்று கையைக் கவிழ்த்து நிமிர்த்த, வேறொன்று விரல்களை விரித்து மூட. எதிரே திரையில் ஒரு விளையாட்டு ஓடும். நோயாளி கையை அசைத்தால் திரையில் பொம்மை நகரும்.

இதில் சாமர்த்தியம் எங்கே என்றால், அந்தக் கை தானாக எவ்வளவு அசைகிறது என்று கருவி முதலில் அளந்துகொள்கிறது. முடியாத மிச்சத்துக்கு மட்டும் கை கொடுக்கிறது. முழுக்கத் தானே தூக்கிவிட்டால் நோயாளி சும்மா இருந்துவிடுவார். ஒன்றுமே செய்யாவிட்டால் அலுத்துப்போய் விட்டுவிடுவார். நடை பழகும் குழந்தைக்கு நாம் ஒரு விரலை மட்டும் நீட்டுகிறோமே, அந்தக் கணக்குத்தான்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? மாமனாருக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டால், "பாவம், அவரால முடியாது" என்று சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுகிறோம். சட்டையை மாட்டிவிடுகிறோம். தலை வாரிவிடுகிறோம். எண்ணெய் தேய்க்கிறோம். புறா ரத்தம் பூசுகிறவர்களும் உண்டு. எல்லாம் பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கை வேலையை மறந்துகொண்டே போகிறது. மூளையில் ரத்தம் போகாமல் செத்த பாகம் பிழைத்து வராது. பக்கத்துப் பாகங்கள்தான் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு ஏற்க வேண்டும். கற்றுக்கொள்ள ஒரே வழி, ஒரே அசைவை நூற்றுக்கணக்கான தடவை செய்வது. முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் அதிகம். அதற்கப்புறம் மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது.

ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒரு நாளில் எத்தனை பேருக்கு எத்தனை நூறு தடவை கையைப் பிடித்து ஆட்ட முடியும்? அந்த இடத்தில்தான் இயந்திரம் உதவிக்கு வருகிறது. அதற்கு அலுப்பு கிடையாது. நேற்றைவிட இன்று எவ்வளவு தேறியிருக்கிறது என்ற கணக்கும் வைத்திருக்கும்.

இயந்திரம் இல்லாத வீட்டிலும் செய்யக்கூடியவை இருக்கின்றன. டம்ளரை முடியாத கை பக்கமாக வையுங்கள். பட்டாணி உரிக்கச் சொல்லுங்கள், அரை மணி ஆனாலும் ஆகட்டும். துண்டு மடிக்கச் சொல்லுங்கள். வாதம் அடித்த கையைப் பிடித்து இழுத்து ஆளைத் தூக்காதீர்கள், தோள் மூட்டு நழுவிவிடும். படுக்கும்போது அந்தக் கைக்குக் கீழே தலையணை இருக்கட்டும். சாப்பாடு எப்போதும் நிமிர்ந்து உட்கார்ந்தபிறகுதான். முழுங்கும்போது இருமினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதையும் மறக்காதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால், நேரம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. "காலையில பாத்துக்கலாம்" என்று படுக்க வைத்தால் கெடு தாண்டிவிடும்.

கையே இல்லாதவர்களுக்கு என்ன செய்கிறார்கள்? இங்கேதான் ஏ.ஐ. என்கிற செயற்கை நுண்ணறிவு நிஜமாகவே வேலை செய்கிறது. முழங்கைக்குக் கீழே கை போனாலும், விரலை மடக்க நினைத்தால் மிச்சமிருக்கும் தசை துடிக்கும். அந்தத் துடிப்பில் மிக மிக லேசான மின்சாரம் இருக்கிறது. பழைய மின்சாரக் கையில் அதைப் பிடிக்க இரண்டு பொட்டுக்கள் இருக்கும். ஒன்று திறக்க, ஒன்று மூட, அவ்வளவுதான். இப்போது பல பொட்டுக்களை வைத்து, மடக்கும்போது மின்சாரம் எந்த மாதிரி வருகிறது, திருப்பும்போது எந்த மாதிரி வருகிறது என்று கம்ப்யூட்டருக்குப் பழக்குகிறார்கள். குழந்தை அழுதால் முதல் வாரம் நமக்கு ஒன்றும் புரியாது. பத்து நாளில் பசி அழுகை எது, வயிற்றுவலி அழுகை எது என்று அடுக்களையிலிருந்தே சொல்லிவிடுவோம் அல்லவா? அந்தக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்வதும் அப்படியே.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வியர்த்தால், உறை கொஞ்சம் நகர்ந்தால், பொட்டு இடம் மாறிக் கை குழம்பிவிடும், மறுபடி பழக்க வேண்டும். சித்திரை வெயிலில் அடுப்படியில் நிற்கிறவளுக்கு இது சின்ன விஷயமா? தண்ணீரும் பலவற்றுக்கு ஆகாது. விலையோ லட்சக்கணக்கில். வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பதைவிட, லேசான சாதாரணக் கை எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம். எந்தக் கையானாலும் சதையில் உறை சரியாகப் பொருந்துவதுதான் முதல் காரியம். அதை அளவெடுத்துச் செய்வது இன்னமும் மனிதர்தான்.

கால் விஷயத்தில் நம் நாடு பின்தங்கவில்லை. 1968-ல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் சேத்தியும் செய்த ஜெய்ப்பூர் கால் சேற்றில் நடக்கும், குந்தி உட்காரும். 1981-ல் திருச்சி அருகே பஸ் விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன் அதை வைத்துத்தான் 1984-ல் மேடையேறி ஆடினார். முழங்காலுக்கு மேல் எடுத்தவர்களுக்கு ஜெர்மன் கம்பெனி 1997-ல் கம்ப்யூட்டர் முட்டி கொண்டுவந்தது. ஒவ்வொரு அடியிலும் பாரத்தை அளந்து தடுமாறினால் தாங்கும். 2022-ல் சென்னை ஐ.ஐ.டி. வெளியிட்ட 'கதம்' முட்டியில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனாலும் 160 டிகிரி வரை மடங்கும். ஆட்டோவிலும் பஸ் சீட்டிலும் காலை மடக்கி உட்காரலாம். நம் ஊருக்கு எது வேண்டும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

பல் டாக்டரிடமும் இந்தச் செயற்கை அறிவு வந்தாயிற்று. வாயில் குழைவான மாவை வைத்து அச்செடுத்து, குமட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அதற்குப் பதில் பேனா போன்ற கேமராவை வாய்க்குள் ஓட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கான பல் வடிவங்களைப் பார்த்துப் பழகிய கம்ப்யூட்டர், உடைந்த பல்லுக்கு ஏற்ற உறையை வரைந்து கொடுக்கிறது, மெஷின் கடைந்து தருகிறது. மாட்டிய பிறகு கடித்துப் பார்த்து, உயரமாகத் தெரிந்தால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் பணக்காரர்களுக்குத்தானே என்பீர்கள். செயற்கைக் கை கால் அரசாங்கத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. கண்ணமங்கலம், படவேடு பக்கத்தவர்கள் திருவண்ணாமலையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை, போட்டோ ஆகியவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரு நகலும் கூட இருக்கட்டும், அங்கே ஜெராக்ஸுக்கு அலைய வேண்டாம். வாதம் வந்து படுத்திருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். அவர்கள் வரும் நாளில் நீங்களும் கூடவே உட்கார்ந்து எந்த அசைவை எத்தனை தடவை என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் சொல்லிக்கொடுக்கப் போவது நீங்கள்தானே.