நீருக்கு வழிவிட்டுச் சுவர் எழுப்புவோம்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று அழைப்பது வழக்கம். ஓர் ஏரி நிரம்பினால், உபரிநீர் கலங்கல் வழியே இறங்கி, கால்வாய் வழியாக அடுத்த ஏரியை அடையும். இவ்வாறு சங்கிலிபோல் தொடரும் ஏரிகளுக்கு நடுவேதான் இன்று ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்பேட்டைகள் எழுந்துள்ளன. 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கிய கார் உற்பத்தி, பின்னர் ஒரகடம், வல்லம் வடகால் என விரிந்தது. நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இங்கே பொறியாளராகவும், மேற்பார்வையாளராகவும், கொத்தனாராகவும் உழைக்கின்றனர். எனவே, இயற்கைக்கு ஊறு நேராமல் கட்டுவது எப்படி என்னும் வினா நம் இல்லங்களையும் சார்ந்ததே.

சட்டம் கூறுவது யாது? 2006-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடத் திட்டங்களுக்கு முன்னதாகவே சுற்றுச்சூழல் அனுமதி பெறவேண்டும். அனுமதி கிடைக்குமுன் நிலத்திற்கு வேலி இடலாமேயன்றி, நிலத்தைச் சமன்செய்யவும் கூடாது. தொழிற்கூடங்களுக்கும் பள்ளிகளுக்கும் இதிலிருந்து விலக்களித்த குறிப்பை 2025 ஆகஸ்டு மாதம் உச்சநீதிமன்றம் நீக்கிவிட்டது. இடிபாடுகளையும் கட்டுமானக் கழிவுகளையும் கண்ட இடத்தில் கொட்டுவதை விதிகள் தடுக்கின்றன.

ஆனால் அனுமதிக் கடிதம் கோப்பில் உறங்கினால் பயன் என்ன? அது உயிர்பெறுவது வேலைக்களத்தில்தான். அதிலும், எந்த வேலையை முதலில் செய்கிறோம் என்பதில்தான். அடித்தளம் தோண்டுமுன் மழைநீர் வடிகாலும் வண்டல் தங்கும் குழியும் அமைக்கவேண்டும். மேல்மண்ணைத் தனியே குவித்து மூடிவைத்து, பின்னர் மரம் நடுவதற்குப் பயன்படுத்தவேண்டும். மண் ஏற்றிய லாரிகளைத் தார்ப்பாயால் மூடி, சக்கரங்களைக் கழுவியே சாலைக்கு அனுப்பவேண்டும். புழுதி எழும் இடத்தில் நீர் தெளிக்கவேண்டும். இவை யாவும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடியவேண்டும். ஐப்பசியில் தோண்டத் தொடங்கி, வடிகாலைத் தையில் பார்த்துக்கொள்வோம் என்பவர், தம் களத்து மண்ணை அண்டை ஏரிக்குள் அனுப்பியவராவார்.

கெடு நெருங்கும்போது, சிறு வாய்க்கால்தானே, தூர்த்துவிடலாம் என்று எவரேனும் கூறுவதுண்டு. கோடையில் அது வெறும் பள்ளமாகவே தெரியும். 2015 டிசம்பர் அதன் மதிப்பை உணர்த்தியது. அம்மாதம் முதல் நாளன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. மணிமங்கலம், ஆதனூர் முதலிய ஏரிகளின் உபரிநீரும் அடையாற்றையே சேர்வதால், முடிச்சூர், வரதராஜபுரம் பகுதி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஒரகடத்து வாகனத் தொழிற்சாலைகளும் சில நாள் ஓய்ந்து நின்றன. பெருமழையே முதற்காரணம் எனினும், நீர் செல்லும் வழி குறுகக் குறுக அழிவு பெருகும் என்பதை மறுப்பவர் யார்?

நல்வழி காட்டும் முயற்சிகளும் உண்டு. சென்னை நகரின் கழிவுநீரைக் கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் அளவு நன்கு சுத்திகரித்து, குழாய் வழியே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு வழங்கும் திட்டம் 2019-இல் தொடங்கியது. ஆலைக்குச் சென்றிருக்கக்கூடிய நன்னீர் அந்த அளவிற்கு மக்களின் குடத்திற்கு மிஞ்சுகிறது. தொழிலும் குடிநீரும் ஒன்றையொன்று பகைக்கவேண்டியதில்லை என்பதற்கு இதுவே சான்று.

கட்டுமானத் துறையில் உழைக்கும் இளைஞர்களே! வரைபடத்தில் சுவரைத் தேடுமுன் வாய்க்காலைத் தேடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம், மழைநீர் எவ்வழியே வரும் என்று கேளுங்கள். மேலதிகாரி அவசரப்படுத்தினால் நிபந்தனைகளைப் பணிவுடன் எடுத்துக்காட்டுங்கள். பெற்றோரே! உங்கள் பிள்ளை இத்தனை மாடி கட்டினான் என்று மகிழ்வதோடு, எந்த நீர்வழியையும் அடைக்காமல் கட்டினான் என்றும் பெருமைகொள்ளுங்கள். கட்டடம் அதன் உரிமையாளருக்குச் சொந்தம்; அதன் ஓரமாக ஓடும் நீரோ, கீழே வாழும் ஊர்கள் அனைத்திற்கும் சொந்தம்.