ஏறிய கியரிலேயே இறங்குவது ஏன்?

மாணவர்களே! பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போயிருக்கிறீர்களா? ஏறத்தாழ 64 கிலோமீட்டர் நீளமுள்ள மலைவழி அது. ஆழியாறு வரையில் இந்த மாநில நெடுஞ்சாலை தென்னந்தோப்புகளுக்கும் வயல்களுக்கும் நடுவே சமவெளியில் செல்கிறது. ஆழியாறு அணையைக் கடந்ததும் ஆனைமலைத் தொடர் குறுக்கே எழுந்து நிற்கிறது. அதில் ஏறுவதற்கு 40 கொண்டை ஊசி வளைவுகள்! ஒன்பதாவது வளைவில் நின்று பார்த்தால், சற்றுமுன் கடந்துவந்த நீர்த்தேக்கம் காலடியில் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவர்களுடன் இந்தச் சாலையில் இறங்கி வந்துகொண்டிருந்தேன். பேருந்து உறுமிக்கொண்டே மெதுவாக இறங்கியது. ஒரு மாணவன் எழுந்து வந்து, "சார், இறக்கத்தில் வண்டி தானாகவே ஓடுமே. எஞ்சினை அணைத்துவிட்டால் டீசல் மிச்சமாகாதா?" என்று கேட்டான். நான் வாய் திறக்குமுன் ஓட்டுநர் சொன்னார்: "ஏறுன கியர்லயே எறங்கோணும் தம்பி. இல்லீன்னா ஊர் போய்ச் சேர மாட்டோம்."

அவர் சொன்னதில் உங்கள் இயற்பியல் பாடம் ஒன்று முழுதும் அடங்கியிருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஏற்றத்தைக் கவனியுங்கள். ஆழியாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர் உயரத்திலும், வால்பாறை சுமார் 1,070 மீட்டர் உயரத்திலும் உள்ளன. வேறுபாடு 750 மீட்டர். பயணிகளுடன் 10 டன் நிறையுள்ள ஒரு பேருந்தின் எடை ஏறத்தாழ 1,00,000 நியூட்டன். அதை 30 பாகைச் சரிவில் நேராக ஏற்றினால் தூரம் 1,500 மீட்டர்தான். ஆனால் எடையில் பாதியான 50,000 நியூட்டன் விசையை எஞ்சின் கொடுக்க வேண்டும். அத்தகைய சரிவில் பேருந்து ஏறாது.

சாலையை வளைத்து வளைத்து நீட்டி, 20 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவில் ஏறும்படி அமைத்தால் என்ன ஆகும்? தூரம் 15,000 மீட்டர் ஆகிவிடும். ஆனால் தேவையான விசை 5,000 நியூட்டனாகக் குறைந்துவிடும். இரண்டு வழிகளிலும் விசையைத் தூரத்தால் பெருக்கிப் பாருங்கள். விடை ஒன்றே: 7.5 கோடி ஜூல்! உராய்வை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. சாய்தளம் விசையைக் குறைக்குமே தவிர வேலையைக் குறைக்காது.

வளைவுகளிலும் ஒரு கணக்கு உண்டு. கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பு குட்டையானது, வெளிவிளிம்பு நீளமானது. இரண்டும் ஒரே உயரத்துக்கு ஏறினால் உள்விளிம்பு அதிகச் செங்குத்தாகிவிடும். ஆகவேதான் வளைவில் சாலை ஏறக்குறைய சமதளமாக இருக்க வேண்டும் என்கிறார்கள் பொறியாளர்கள். அங்கே 40-க்கு 1 என்பதற்கு மேல் ஏற்றம் கூடாது என்பது இந்தியச் சாலைக் காங்கிரசின் நெறி. வேகத்துக்கும் எல்லை உண்டு. வேகம் இரு மடங்கானால் திரும்புவதற்குத் தேவையான மையநோக்கு விசை நான்கு மடங்காகும். மழையில் நனைந்த சாலையில் டயரின் உராய்வால் அவ்வளவு விசையைத் தர இயலாது.

இனி இறக்கத்துக்கு வருவோம். மலைமேல் நிற்கும் பேருந்தில் 7.5 கோடி ஜூல் நிலையாற்றல் சேர்ந்திருக்கிறது. கீழே வந்து நிற்கும்போது அது முழுவதும் வேறு வடிவம் எடுத்தாக வேண்டும், பெரும்பகுதி வெப்பமாகிறது. எவ்வளவு வெப்பம் தெரியுமா? 30 டிகிரி வெப்பநிலையுள்ள சுமார் 250 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது!

எஞ்சினை அணைத்துவிட்டாலோ கியரை நியூட்ரலில் வைத்தாலோ, இவ்வளவு வெப்பத்தில் பெரும்பகுதியைப் பிரேக்குகளே தாங்க வேண்டும். அளவுக்கு மீறிச் சூடேறினால் பிரேக் பட்டைகளின் உராய்வு குறைந்துபோகும். மிதிப்பானை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. பேருந்துகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. காற்றழுத்தப் பிரேக்குக்குக் காற்றை நிரப்புவது எஞ்சினால் இயங்கும் அமுக்கியே. எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். மிதிக்க மிதிக்கத் தொட்டியிலுள்ள காற்று தீர்ந்துகொண்டே போகும்.

தாழ்ந்த கியரில் இறங்கும்போதோ சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. காற்றை அமுக்கித் தள்ளுவதிலும் உள்ளுறுப்புகளின் உராய்விலும் ஆற்றல் செலவாகிறது. அந்த வெப்பத்தைப் புகைக்குழாயும் ரேடியேட்டரும் வெளியேற்றிவிடுகின்றன. பிரேக்குகள் அதிகம் சூடாகாமல் அவசரத்துக்குக் காத்திருக்கின்றன. நாங்கள் கேட்ட உறுமல் அந்த வேலையின் ஓசைதான்.

டீசல் மிச்சமாகும் என்ற அந்த மாணவனின் கணக்கு என்னவாயிற்று? மின்னணுக் கட்டுப்பாடுள்ள இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது முடுக்கியிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் எரிபொருள் பாய்வது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நியூட்ரலில் வைத்தாலோ எஞ்சின் அணைந்துவிடாமலிருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டேயிருக்கும்!

அடுத்த முறை மலையிலிருந்து இறங்கும்போது அண்ணனோ மாமாவோ வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளினால், அந்த 250 லிட்டர் வெந்நீர்க் கணக்கை அவர்களிடம் சொல்லுங்கள்.