மசாகோ கட்சுரா

மசாகோ கட்சுரா (1913–1995) ஜப்பானைச் சேர்ந்த தொழில்முறை கேரம் பில்லியர்ட்ஸ் வீராங்கனை ஆவார். பில்லியர்ட்ஸ் உலகப் பட்டத்துக்கான போட்டியில் ஆண்களுக்கு எதிராகக் களமிறங்கிய முதல் பெண் இவரே. "பில்லியர்ட்ஸின் முதல் பெண்மணி" என்றும் அழைக்கப்படுகிறார்.

ஆட்ட முறை

கேரம் பில்லியர்ட்ஸ் மேசையில் குழிகள் கிடையாது. நம் வீடுகளில் ஆடும் கேரம் பலகையிலிருந்து இது முற்றிலும் வேறானது. மேசையில் மூன்று பந்துகள் இருக்கும். ஆடுபவர் கோலால் அடிக்கும் பந்து மற்ற இரண்டையும் தொட்டால் ஒரு புள்ளி. தவறினால் எதிராளியின் முறை. ஸ்ட்ரெயிட் ரெயில் என்னும் எளிய வகைக்கு இது போதும். திரீ குஷன் வகையிலோ, கடைசிப் பந்தைத் தொடும் முன் அடித்த பந்து மேசையின் ஓரங்களில் குறைந்தது மூன்று முறை மோதியிருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் கோணம், வேகம், பந்தின் சுழற்சி ஆகிய மூன்றையும் முன்கூட்டியே கணிக்க வேண்டும்.

இளமை

டோக்கியோவில் பிறந்த மசாகோ, சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அக்காள் கணவர் நடத்திய பில்லியர்ட்ஸ் கூடத்தில் 14 வயதில் பணியாளராகச் சேர்ந்து, அங்கேயே ஆட்டத்தையும் கற்றார். 15 வயதில் ஜப்பானின் பெண்களுக்கான ஸ்ட்ரெயிட் ரெயில் பட்டத்தை வென்றார். பின்னர் அந்நாட்டின் முன்னணி வீரரான கின்ரே மட்சுயாமா இவருக்குத் திரீ குஷன் ஆட்டத்தின் நுணுக்கங்களைக் கற்பித்தார்.

ஜப்பானின் தேசிய திரீ குஷன் போட்டியில் ஆண்களோடு மோதி மூன்று முறை இரண்டாம் இடம் பெற்றார். ஒரு காட்சி ஆட்டத்தில் சுமார் நாலரை மணி நேரம் தவறே செய்யாமல் தொடர்ந்து 10,000 புள்ளிகள் எடுத்தார்.

உலகப் போட்டிகள்

1950இல் அமெரிக்க ராணுவ வீரர் வெர்னான் கிரீன்லீஃபை மணந்து, அடுத்த ஆண்டு அமெரிக்காவில் குடியேறினார். முன்னாள் உலக வாகையர் வெல்கர் காக்ரன் 1952இல் சான் பிரான்சிஸ்கோவில் உலக திரீ குஷன் போட்டியை நடத்தினார். மசாகோவின் திறமையைக் கேள்வியுற்ற அவர், போட்டியில் பங்கேற்க இவரை அழைத்தார். அக்காலத்தில் பில்லியர்ட்ஸ் கூடங்கள் பெரும்பாலும் ஆண்கள் கூடும் இடங்களாகவே இருந்தன. மசாகோவின் வருகை பத்திரிகைகளின் கவனத்தை ஈர்த்தது. அரங்குக்குப் பெண் பார்வையாளர்களும் வந்தனர்.

அப்போட்டியில் வில்லி ஹாப் பட்டம் வென்றார். மசாகோ ஏழாம் இடம் பெற்றார். 1953இல் ஐந்தாம் இடத்துக்கும், 1954இல் நான்காம் இடத்துக்கும் முன்னேறினார். ஹாப், காக்ரன் ஆகியோருடன் பல ஊர்களில் காட்சி ஆட்டங்களும் ஆடினார். 1961இல் உலக வாகையர் ஹெரால்ட் வொர்ஸ்டுடன் நடந்த சவால் ஆட்டத்தில் தோற்றபின் பொதுப் போட்டிகளிலிருந்து விலகினார்.

பிற்காலம்

1976இல் சான் பிரான்சிஸ்கோ கூடம் ஒன்றில் முன்னறிவிப்பின்றித் தோன்றி, கடனாகப் பெற்ற கோலால் தொடர்ந்து 100 புள்ளிகள் எடுத்தார். அதே ஆண்டில் பெண்கள் தொழில்முறை பில்லியர்ட்ஸ் சங்கம் இவரைத் தன் புகழ் மன்றத்தில் சேர்த்தது. 1990ஆம் ஆண்டளவில் ஜப்பான் திரும்பி, 1995இல் காலமானார்.

உலகப் பட்டம் மசாகோவுக்குக் கடைசிவரை கிட்டவில்லை. இவர் காலத்தில் பெண்களுக்கெனத் தனி உலக திரீ குஷன் போட்டியும் இல்லை. அப்போட்டி 2004இல் முதன்முறையாக நடந்தபோது பட்டம் வென்றவர் ஓரியே ஹிடா, அவரும் ஜப்பானியரே.