யார் கையில் இருக்கிறது நம் விவரம்?

2020 ஏப்ரல். கேரளமெங்கும் ஆஷா பணியாளர்களும் வார்டு குழுவினரும் வீடு வீடாக வயது, முகவரி, என்ன நோய் என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார்கள். கொரோனா பயத்தில் எல்லாரும் சொன்னோம். அந்த விவரம் ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருளுக்குள் போகிறது என்பது, அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா கேள்வி எழுப்பிய பிறகுதான் ஊருக்குத் தெரியவந்தது. கேரள அரசு அந்த நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் நியூயார்க் நீதிமன்றம்தான் விசாரிக்கும் என்று இருந்தது. உடம்பைப் பற்றிச் சொன்ன நோயாளியோ அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகக்கூட இல்லை.

வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஏப்ரல் 24 அன்று வந்த இடைக்கால உத்தரவை நாம் மறக்கக் கூடாது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிய பிறகே நிறுவனத்துக்குத் தர வேண்டும். வெளியார் நிறுவனம் பார்க்கக்கூடும் என்று சொல்லி மக்களின் சம்மதம் பெற வேண்டும் என்றது நீதிமன்றம். அடுத்த மாதமே, தகவல்கள் மாநில அரசின் சி-டிட் நிறுவனத்தின் வசம் வந்துவிட்டதாகக் கேரள அரசு தெரிவித்தது. கேட்டதால் கிடைத்தது அது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே தீர்ப்பளித்துவிட்டது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. சம்மதம், திருத்தம், நீக்கம் பற்றிய முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலோ மலையாளத்திலோ படிக்க வழி செய்தாக வேண்டும் என்பது தனுவச்சபுரம், பாறசாலை போன்ற கேரள-தமிழக எல்லைப்புறத்து மக்களுக்குப் பெரிய விஷயம். ஆனால் ஒன்றிய அரசு தன் துறைகளுக்கு விலக்களித்துக்கொள்ள இதே சட்டம் இடம் வைத்திருக்கிறது. ஸ்பிரிங்க்ளர் விவகாரத்தைப் பார்த்த பிறகும் இப்படி எழுதியது தவறு என்பேன்.

சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அரசு சேவைகளுக்கான அக்ஷயா மையத்தில் வாட்ஸ்அப் வழியே ஆதாரை அனுப்பினால், வேலை முடிந்ததும் அந்தக் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லி, அழிப்பதைக் கண்ணால் பாருங்கள். முழு எண் தேவையில்லாத இடத்தில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஜவுளிக் கடையில் பில் போட போன் நம்பர் கட்டாயம் என்றால் மறுக்கலாம். அப்படி வற்புறுத்தக் கூடாதென்று ஒன்றிய நுகர்வோர் துறை 2023-இல் அறிவுறுத்தியிருக்கிறது. கடன் செயலி உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்டால் அனுமதி கொடுக்காதீர்கள். மிரட்டலுக்கு அவர்கள் பயன்படுத்துவது அந்த எண்களைத்தான்.

இணைய மோசடியில் பணம் போய்விட்டதா? யாரிடமும் யோசனை கேட்டு நேரம் கடத்தாமல் 1930 என்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் வங்கியால் தடுத்து நிறுத்த முடியும்.