54 சாப்பாடு: ஒரு மேயர் அதிபரான கதை

ஊருக்கு நல்ல மேயரா இருந்தவர் நாட்டுக்கும் நல்ல தலைவரா இருப்பாரா? இதைப் பேச எனக்கு உடனே ஞாபகம் வர்ற ஆள் இந்தோனேசியாவோட ஜோகோ விடோடோ. எல்லாரும் ஜோகோவின்னு கூப்பிடுவாங்க. அவர்கிட்ட மரச்சாமான் வாங்கின ஒரு பிரெஞ்சுக்காரர் வெச்ச பேர் அது. ஆமா, ஆள் ஃபர்னிச்சர் வியாபாரி.

கொஞ்சம் பின்னணி. 1998-ல சர்வாதிகாரி சுகார்த்தோ பதவி விலகினார். 2005-லதான் மக்கள் நேரடியா ஓட்டுப் போட்டு மேயரைத் தேர்ந்தெடுக்கிற முறை வந்தது. அந்த வருஷமே சோலோ நகரத்துல ஜோகோவி ஜெயிச்சார். ராணுவப் பின்னணி இல்லை, அரசியல் குடும்பம் இல்லை. பழைய முறையே இருந்திருந்தா அவர் பேர் நமக்குத் தெரிஞ்சிருக்காது.

சோலோவுல பஞ்சர்சாரின்னு ஒரு பூங்கா. அதைச் சுத்தி ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான நடைபாதைக் கடைகள். பெரும்பாலான நகரங்கள்ல இதுக்கு ஒரே வைத்தியம்தான்: விடியக்காலைல போலீஸ், புல்டோசர். இவர் கடைக்காரங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். இடம் மாத்துற பேச்சையே எடுக்கல. சும்மா சாப்பாடு, அரட்டை. இப்படி 54 தடவைன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார். கடைசியா விஷயத்தைச் சொன்னப்போ அவங்க கேட்டது ஒண்ணுதான்: "அங்க வாடிக்கையாளர் வருவாங்களா?" புது மார்க்கெட் வழியா பஸ் விடுறேன், விளம்பரம் பண்றேன்னு ஒத்துக்கிட்டார். 2006-ல கடைக்காரங்க பாரம்பரிய உடையில ஊர்வலமா, திருவிழா மாதிரி இடம் மாறிப் போனாங்க. 2010-ல இவருக்கு மறுபடியும் கிடைச்சது 90 சதவீதத்துக்கு மேல ஓட்டு!

அப்புறம் எல்லாம் வேகம்தான். 2012-ல ஜகார்த்தா ஆளுநர். அந்தப் பதவியில ரெண்டு வருஷம்தான். 2014-ல முன்னாள் ராணுவத் தளபதி பிரபோவோ சுபியாந்தோவைத் தோற்கடிச்சு நாட்டுக்கே அதிபர்.

எனக்கு முக்கியமாப் படுற இடம் இனிமேதான். 'எதிர்ல இருக்கறவரை உட்கார வெச்சுப் பேசிச் சம்மதிக்க வைக்கிற' அதே பழக்கத்தை அவர் அதிபர் மாளிகைக்கும் கொண்டு போனார். ஆனா சோலோவுல எதிர்ல உட்கார்ந்தது நடைபாதைக் கடைக்காரங்க. இங்க உட்கார்ந்தது கட்சித் தலைவர்கள். ஒவ்வொரு கட்சியா கூட்டணிக்குள்ள வந்தது. 2019-ல ரெண்டாவது தடவையும் தோத்த பிரபோவோவையே பாதுகாப்பு அமைச்சர் ஆக்கிட்டார். சண்டை நின்னுச்சு, சரி. கேள்வி கேட்க எதிர்க்கட்சின்னு யார் மிச்சம்? அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் ஊழல் ஒழிப்பு ஆணையத்தோட அதிகாரத்தைக் குறைக்கிற சட்டத்திருத்தம் நாடாளுமன்றத்துல நிறைவேறிச்சு. தெருவுக்கு வந்து எதிர்த்தது மாணவர்கள்.

அவர் ஆட்சியில சாலை, துறைமுகம், ரயில்னு நிறைய நடந்தது, அதை மறைக்க வேண்டாம். கடைசி வரைக்கும் மக்கள் ஆதரவும் குறையல. மேயர் மாதிரி 'வேலை நடந்துச்சா இல்லையா'ன்னு பார்க்கிறவர் அவர். நீதிமன்றம், ஆணையம் மாதிரி அமைப்புகள் அவருக்கு ரெண்டாம்பட்சமாத்தான் இருந்துச்சுன்னு நான் நினைக்கிறேன்.

அது 2023-ல பளிச்சுன்னு தெரிஞ்சது. அதிபர், துணை அதிபர் தேர்தல்ல நிக்க 40 வயசு ஆகணும். அவரோட மூத்த மகன் கிப்ரானுக்கு 36. அப்போ அவர் எந்தப் பதவியில இருந்தார் தெரியுமா? சோலோ மேயர்! மேயர் மாதிரி தேர்ந்தெடுக்கப்பட்ட பதவியில இருந்தவங்களுக்கு 40 வயசு கட்டாயமில்லைன்னு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிச்சு. தலைமை நீதிபதி, ஜோகோவியோட தங்கச்சி வீட்டுக்காரர். நெறிமுறைக் குழு அவரைத் தலைமைப் பதவியிலிருந்து இறக்கிச்சு, ஆனா தீர்ப்பு நின்னுச்சு.

2024 அக்டோபர்ல பிரபோவோ அதிபர், கிப்ரான் துணை அதிபர். அதே டிசம்பர்ல, 2005-ல சோலோவுல ஜோகோவியை வேட்பாளரா நிறுத்தின பிடிஐ-பி கட்சி அப்பா, மகன் ரெண்டு பேரையும் வெளியேத்திடுச்சு.